சென்னை எல்லைச் சாலையை நம்பி ஏக்கர் கணக்கில் நிலம் வாங்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருவள்ளூர், ஸ்ரீபெரும்புதூர், சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் போனால் டீக்கடை பெஞ்சில்கூட "ரிங் ரோடு வருது சார், ரெண்டு ஏக்கர் இருக்கு, பார்க்கறீங்களா?" என்று கேட்கிறார்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பணத்தையும் வெளிநாட்டில் சம்பாதித்த பணத்தையும் வைத்துக்கொண்டு இந்தப் பேச்சைக் கேட்பவர்களுக்காக எழுதியது இது. வாங்குங்கள் என்றோ வேண்டாம் என்றோ சொல்லப்போவதில்லை. எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு, அதைச் சொல்கிறேன்.

இந்தச் சாலை எங்கிருந்து எங்கே போகிறது?

எண்ணூர் துறைமுகம் பக்கம் தொடங்கி, தச்சூர், திருவள்ளூர் புறவழிச்சாலை, ஸ்ரீபெரும்புதூர், சிங்கப்பெருமாள் கோவில் வழியாக மாமல்லபுரம் அருகே பூஞ்சேரியில் முடிகிறது. மொத்தம் சுமார் 133 கிலோமீட்டர், 5 பகுதிகள். நடுவில் ஆறு வழிச் சாலை, இரண்டு பக்கமும் சர்வீஸ் ரோடு என்பது வடிவமைப்பு. எண்ணூர் முதல் தச்சூர் வரையிலான முதல் பகுதிக்கு ஜப்பானின் ஜைக்கா நிறுவனம் கடன் தருகிறது. வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை ஏற்கெனவே ஓடும் 62 கிலோமீட்டர் வெளிவட்டச் சாலை வேறு, இது வேறு. தரகர்கள் சிலர் இரண்டையும் ஒரே பெயரில் "ரிங் ரோடு" என்பார்கள். எதைச் சொல்கிறார் என்று முதல் பேச்சிலேயே கேட்டுவிடுங்கள்.

அரசே அறிவித்த திட்டம். வராமலா போகும்?

வரும். ஆனால் எப்போது வரும் என்பதுதான் உங்கள் பணத்தைத் தீர்மானிக்கிறது. வெளிவட்டச் சாலையையே எடுத்துக்கொள்ளுங்கள். பேச்சில் பல ஆண்டுகள் இருந்தது, கட்டுமானம் 2010-இல்தான் தொடங்கியது. வண்டலூர் முதல் நெமிலிச்சேரி வரை 2014-இல் திறந்தார்கள், அங்கிருந்து மீஞ்சூர் வரை 2021-இல். ஒரே சாலையின் இரண்டு பாதிகளுக்கு நடுவே ஏழு ஆண்டு இடைவெளி. தெற்குப் பாதியில் வாங்கியவருக்கும் வடக்குப் பாதியில் வாங்கியவருக்கும் ஒரே பலன் கிடைத்திருக்க முடியாது.

சேலம்–சென்னை எட்டு வழிச் சாலை இன்னொரு பாடம். 277 கிலோமீட்டர், 10,000 கோடி ரூபாய் என்று 2018-இல் பெரிதாகப் பேசப்பட்டது. விவசாயிகள் எதிர்த்தார்கள். 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் நிலம் எடுப்பை ரத்து செய்தது. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த அறிவிக்கையைச் செல்லும் என்றது. அதற்குப் பிறகும் சாலை வரவில்லை. அந்தப் பாதையை நம்பி 2018-இல் கூடுதல் விலை கொடுத்தவரின் பணம் அங்கேயே கிடக்கிறது.

எல்லைச் சாலையின் 5 பகுதிகளும் ஒரே வேகத்தில் நகரவில்லை. "ரிங் ரோடு வேலை நடக்குது" என்று ஒருவர் சொன்னால், நீங்கள் பார்க்கும் நிலம் எந்தப் பகுதியில் வருகிறது, அந்தப் பகுதியில் நிலம் எடுத்து முடிந்ததா, ஒப்பந்தம் விட்டாயிற்றா என்று தனித்தனியாகக் கேளுங்கள். எண்ணூர் பக்கம் மண் கொட்டுவது மாமல்லபுரம் பக்கத்து நிலத்துக்குச் சாட்சி ஆகாது.

சாலைக்குப் பக்கத்தில் இருந்தால் விலை ஏறத்தானே செய்யும்?

இந்தக் கேள்வியில்தான் பெரும்பாலானவர்கள் ஏமாறுகிறார்கள். வரைபடத்தில் சாலைக்கு 200 மீட்டர் தூரம் என்பதும், அந்தச் சாலையிலிருந்து உங்கள் நிலத்துக்கு வண்டி திரும்ப முடியும் என்பதும் இரண்டு வேறு விஷயங்கள். புதிதாகப் போடும் விரைவுச் சாலைகளில் நினைத்த இடத்தில் இறங்க முடியாது. சென்னை–பெங்களூரு விரைவுச் சாலை 262 கிலோமீட்டர் முழுக்க அப்படித்தான். சந்திப்புகளில் மட்டும் ஏறலாம், இறங்கலாம். நடுவில் வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கும் நிலத்துக்கு வண்டிச் சத்தம்தான் மிச்சம்.

எல்லைச் சாலையில் சர்வீஸ் ரோடு உண்டு என்பதால் நிலைமை அவ்வளவு மோசமில்லை. ஆனாலும் பாலம் ஏறுகிற இடம், ஆற்றைக் கடக்கிற இடம், ரயில் பாதையைக் கடக்கிற இடம் ஆகியவற்றில் சாலை மேடாகப் போகும். அங்கே கீழே இருக்கும் நிலம் மறுபக்கத்து ஊரிலிருந்து துண்டிக்கப்படலாம். முன்பு ஐந்து நிமிடத்தில் போன வயலுக்கு அடுத்த சுரங்கப்பாதை வரை சுற்றிப் போக வேண்டி வரும்.

அதனால் நான் முதலில் பார்ப்பது சந்திப்பு எங்கே என்பதை. திருப்பதி சாலை, பெங்களூரு தேசிய நெடுஞ்சாலை, ஜி.எஸ்.டி. சாலை போன்றவற்றை இது வெட்டும் இடங்களை ஒட்டி, ஏற்கெனவே பஞ்சாயத்துச் சாலையோ மாவட்டச் சாலையோ முகப்பில் உள்ள நிலம், எல்லைச் சாலையை ஒட்டியே இருந்தும் வழி இல்லாத நிலத்தைவிட மேலானது. ஒன்று அல்லது இரண்டு கிலோமீட்டர் உள்ளே தள்ளி இருந்தாலும் பரவாயில்லை. மேலும், நெடுஞ்சாலை எல்லையை ஒட்டிக் கட்டடம் கட்டக்கூடாத கோடு ஒன்று உண்டு. முகப்பில் காசு கொடுத்து வாங்கிய ஒரு பட்டை நிலம் கடைசி வரை வெறும் நிலமாகவே இருக்கலாம்.

அலைன்மென்ட், அதாவது சாலை போகும் பாதை, எந்த சர்வே எண் வழியாகப் போகிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

வாட்ஸ்அப்பில் வரும் கலர் கோட்டை நம்பாதீர்கள். தடித்த ஒரு கோடு நிஜத்தில் அரை கிலோமீட்டர் அகலம் ஆகிவிடும். தமிழ்நாடு நெடுஞ்சாலைகள் சட்டம், 2001-இன் கீழ் நிலம் எடுக்கும்போது 15(2) அறிவிப்பு, பிறகு 15(1) ஆணை என்று வெளியாகும். அவற்றில் கிராமம், சர்வே எண், உட்பிரிவு, பரப்பு எல்லாம் இருக்கும். நிலம் எடுப்புக்கான வருவாய் அலுவலகத்தில் இவற்றைப் பார்க்கலாம். சுற்றுச்சூழல் அனுமதிக்காகத் தாக்கல் செய்த அறிக்கையிலும் பாதை விவரமாக இருக்கும். சர்வே எண் கையில் கிடைத்ததும் எஃப்.எம்.பி. எனப்படும் புலப்பட வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். உட்பிரிவு முக்கியம். 112/2 போகிறது என்றால் 112/3 தப்பித்திருக்கலாம், அல்லது 112/3-க்குப் போகும் ஒரே வழி 112/2-இல் இருந்திருக்கலாம்.

நிலம் சாலைக்குள்ளேயே வந்துவிட்டால் இழப்பீடு கிடைக்குமே, அது லாபம்தானே?

இப்படிக் கணக்குப் போட்டு வாங்க வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். 2013 நிலம் எடுப்புச் சட்டத்தின் கணக்கு இது: அரசு வழிகாட்டி மதிப்பு, முந்தைய மூன்று ஆண்டுகளில் அக்கம்பக்கத்தில் பதிவான பத்திரங்களில் அதிக விலையுள்ள பாதியின் சராசரி, இவற்றில் எது அதிகமோ அதுதான் அடிப்படை. கிராமப்புறமானால் அதை ஒன்று முதல் இரண்டு வரையிலான ஒரு பெருக்கல் எண்ணால் பெருக்குவார்கள். அதற்குச் சமமான தொகை ஆறுதல் தொகையாகச் சேரும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் முத்திரைத் தீர்வையை மிச்சம் பிடிக்க அந்தப் பகுதியில் எல்லோரும் விலையைக் குறைத்துக் காட்டிப் பதிந்திருந்தால், அந்தச் சராசரியே கீழே கிடக்கும். கறுப்பில் கொடுத்த பணத்துக்கு இழப்பீடு கிடையாது.

அறிவிப்பு வந்த நிலத்தை வாங்குகிறவர் நிலம் எடுப்பை எதிர்த்து வழக்காடும் நிலையிலும் இருக்க மாட்டார். இன்னொன்றும் இருக்கிறது. அறிவிப்பு வந்தது தெரியாத விவசாயியிடம் அவசரப்படுத்தி, குறைந்த விலைக்கு எழுதி வாங்கி, இழப்பீட்டைத் தானே வாங்கிக்கொள்வது முதலீடு ஆகாது. அந்தக் குடும்பத்துக்குச் சட்டம் கொடுத்த பணத்தை எடுப்பது அது. தரகர் அப்படி ஒரு நிலத்தைக் காட்டினால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஒரே ஆள் எவ்வளவு நிலம் வேண்டுமானாலும் வாங்கலாமா?

தமிழ்நாட்டில் விவசாய நிலம் வாங்க விவசாயியாக இருக்க வேண்டும் என்ற விதி இல்லை. உச்சவரம்பு மட்டும் உண்டு. ஐந்து பேர் வரை உள்ள குடும்பத்துக்கு 15 ஸ்டாண்டர்ட் ஏக்கர். ஸ்டாண்டர்ட் ஏக்கர் என்பது நிலத்தின் தீர்வையை வைத்துக் கணக்கிடுவது. புஞ்சையில் ஒன்றுக்கு மேற்பட்ட ஏக்கர் சேர்ந்துதான் ஒரு ஸ்டாண்டர்ட் ஏக்கர் ஆகும். ஊரில் பூர்வீக நிலம் இருந்தால் அதுவும் இதே கணக்கில் சேரும். வெளிநாடு வாழ் இந்தியர்களும், வேறு நாட்டுக் குடியுரிமை பெற்று ஓ.சி.ஐ. அட்டை வைத்திருக்கும் இந்திய வம்சாவளியினரும் விவசாய நிலத்தை விலைக்கு வாங்க முடியாது. வாரிசாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். துபாயிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் பலரிடம் இதைச் சொல்லாமலேயே அட்வான்ஸ் வாங்கிவிடுகிறார்கள். தம்பி பெயரில் வாங்கிப் போடுவது இதற்கு மாற்று ஆகாது. ஒருவர் பணத்தில் இன்னொருவர் பெயரில் சொத்து வாங்குவதைத் தடுக்கும் பினாமிச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது.

பத்திரத்தில் எதை எதைப் பார்க்க வேண்டும்?

மனை வாங்குவதைவிட ஏக்கர் நிலத்தில் இந்த வேலை பல மடங்கு. பத்து ஏக்கர் ஒரே வேலிக்குள் தெரிந்தாலும் அது பதினைந்து உட்பிரிவாக, ஏழெட்டுக் குடும்பங்களுக்குச் சொந்தமாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் மூலப் பத்திரம், அதிலிருந்து இன்றைய உரிமையாளர் வரை தொடர்ச்சி, வில்லங்கச் சான்று, பட்டா, அ-பதிவேடு (கிராமத்தின் நிலப் பதிவேடு), அடங்கல் (பயிர் விவரப் பதிவு), புலப்படம் வேண்டும். பட்டா மட்டும் இருந்தால் போதும் என்று நினைப்பவர்கள் இன்னும் நிறைய. பட்டா வருவாய்த் துறைப் பதிவுதான். உரிமையைப் பத்திரமும் வாரிசுத் தொடர்ச்சியும்தான் நிலைநாட்டும். 1980-களில் நிலப் பதிவேடுகளைப் புதுப்பிக்க நடந்த யு.டி.ஆர். பணியில் பெயரும் பரப்பும் மாறிப்போன பட்டாக்கள் இந்த மாவட்டங்களில் ஏராளம். அதனால் யு.டி.ஆருக்கு முந்தைய பதிவையும் எடுத்துப் பாருங்கள்.

அடுத்தது குடும்பம். அண்ணன் தம்பி நால்வர் கையெழுத்துப் போட வந்திருப்பார்கள். அக்கா தங்கைகள் எங்கே? 1989-இலேயே தமிழ்நாடு சட்டத் திருத்தம் திருமணமாகாத மகள்களுக்குக் கூட்டுக்குடும்பச் சொத்தில் பங்கு கொடுத்தது, 2005-இல் மத்தியச் சட்டம் எல்லா மகள்களுக்கும் கொடுத்தது. "சீர் செஞ்சாச்சு, அவங்க கேட்க மாட்டாங்க" என்பது விற்பவரின் வார்த்தை. சாலை வந்து ஏக்கர் விலை ஏறிய மறுநாள் அவர்கள் கேட்பார்கள், கேட்பது அவர்கள் உரிமையும்கூட. எல்லா வாரிசுகளும் பத்திரத்தில் வரட்டும். மைனர் பங்கு இருந்தால் நீதிமன்ற அனுமதி வேண்டும்.

பத்திரம், பட்டா, தரையில் இருக்கும் அளவு மூன்றும் ஒத்துப்போகிறதா என்று உரிமம் பெற்ற நில அளவரை வைத்து அளந்துவிடுங்கள். பத்திரத்தில் 5 ஏக்கர், தரையில் 4 ஏக்கர் 70 சென்ட் என்பது சாதாரணமாக நடப்பது. அளந்த பரப்புக்கு மட்டும் பணம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்.

தொடவே கூடாத நிலம் எது?

பஞ்சமி நிலம் முதலில். செங்கல்பட்டு கலெக்டராக இருந்த டிரமென்ஹீர் 1891-இல் கொடுத்த அறிக்கையின் விளைவாக, 1892 முதல் தாழ்த்தப்பட்ட மக்களுக்கு ஒப்படைக்கப்பட்ட நிலம் இது. பத்து ஆண்டு யாருக்கும் விற்கக்கூடாது, அதற்குப் பிறகும் அதே மக்களுக்குள் மட்டும்தான் கைமாறலாம் என்பது நிபந்தனை. எல்லைச் சாலை ஓடும் இதே வட்டாரத்தில்தான் இந்த வரலாறு தொடங்கியது என்பதால் இங்கே கூடுதல் கவனம் வேண்டும். எத்தனை கை மாறி, எத்தனை பட்டா வாங்கியிருந்தாலும் நிபந்தனை மறைவதில்லை. அது அந்த மக்களுக்குப் போக வேண்டிய நிலம்.

பூமிதான நிலம், கோவில் நிலம், வக்ஃப் நிலம், மேய்க்கால், ஏரி உள்வாய், ஓடை, வண்டிப்பாதை, களம் எல்லாமும் அப்படியே. நீங்கள் வாங்கும் பட்டா நிலத்துக்கு நடுவே ஓடை புறம்போக்கு ஒரு கீற்றாகப் போகலாம். அதை வேலிக்குள் சேர்த்துக் காட்டி விலை பேசுவார்கள். கிராம வரைபடத்தில் பார்த்தால் தெரிந்துவிடும்.

தண்ணீர் நிற்குமா என்று எப்படிப் பார்ப்பது?

வடகிழக்குப் பருவமழை நேரத்தில், நவம்பரில் போய்ப் பாருங்கள். கோடையில் காட்டப்படும் எல்லா நிலமும் மேடுதான். இந்த மாவட்டங்கள் ஏரி மாவட்டங்கள். ஒரு ஏரி நிரம்பி அடுத்த ஏரிக்குப் போகும் கலங்கல் பாதையில் பட்டா நிலமும் இருக்கும். 2015 டிசம்பரில் எதுவரை தண்ணீர் வந்தது என்று ஊர்ப் பெரியவர்களிடம் கேளுங்கள், கையைக் காட்டிச் சொல்லிவிடுவார்கள். அப்புறம், புதிய சாலையின் மண் கரை நீரோட்டத்தையே மாற்றும். இத்தனை காலம் தண்ணீர் நிற்காத வயல் கரைக்கு மேல்பக்கம் மாட்டிக்கொண்டால் தேங்கும். மதகு எங்கே வைக்கிறார்கள் என்பதை வரைபடத்தில் பார்ப்பது அதனால்தான். செங்குன்றம் ஏரியின் நீர்ப்பிடிப்புப் பகுதி, எண்ணூர் கழிமுகம் பக்கத்துக் கடலோர ஒழுங்குமுறைப் பகுதி, மாமல்லபுரத்தில் தொல்லியல் சின்னங்களைச் சுற்றிய பகுதி ஆகியவற்றில் கட்டுமானக் கட்டுப்பாடுகள் தனி.

பிறகு மனை பிரித்து விற்றுவிடலாம் இல்லையா?

பிரிக்கலாம், அனுமதியோடு. 2016-இல் உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகு அங்கீகாரம் இல்லாத புது மனையைப் பதிய முடியாது. 2022-இல் சி.எம்.டி.ஏ. எனப்படும் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் எல்லை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரிந்ததாக அறிவித்தார்கள். அதனால் நிலப் பயன்பாடு எந்த அலுவலகத்தில் முடிவாகும் என்பதை முதலில் விசாரியுங்கள். பெரிய மனைப்பிரிவில் சாலைகள், 10 சதவீதப் பூங்கா இடம் எல்லாம் போக, விற்கக் கிடைப்பது சாதாரணமாக 55 முதல் 60 சதவீதம். ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி. கையில் வருவது 24,000 சொச்சம், அதாவது பத்து கிரவுண்டு. "ஏக்கரில் பதினெட்டு கிரவுண்டு, கணக்குப் போட்டுப் பாருங்க" என்று தரகர் சொல்லும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள். ரெரா எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவும் வேண்டும்.

எவ்வளவு விலை ஏறினால் லாபம்?

ஒரு உதாரணம். ஏக்கர் 40 லட்சம் என்று 5 ஏக்கர், 2 கோடி ரூபாய். முழு விலைக்கும் பதிந்தால் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் சேர்ந்து 18 லட்சம். ஆக 2 கோடியே 18 லட்சம். இதே பணம் 7 சதவீத வட்டியில் இருந்தால் பத்து ஆண்டில் ஏறக்குறைய 4 கோடியே 29 லட்சம் ஆகும், பதினைந்து ஆண்டில் 6 கோடி. அப்படியானால் பத்தாவது ஆண்டில் ஏக்கர் 86 லட்சத்துக்கு விற்றால்தான் வங்கி வட்டியைத் தொடுகிறீர்கள்; பதினைந்தாவது ஆண்டில் 1 கோடியே 20 லட்சம் வேண்டும். வேலி, காவல், தரகு இதில் சேரவில்லை. விலை இரட்டிப்பானதும் ஊரே பாராட்டும், ஆனால் பத்து ஆண்டில் இரட்டிப்பு என்பது வெறும் வட்டிதான்.

கடன் வாங்கி இதைச் செய்ய வேண்டாம். சாலை தள்ளிப்போகும் ஒவ்வொரு ஆண்டும் வட்டி உங்கள் வீட்டிலிருந்து போகும். மேலும் ஐந்து ஏக்கரை வாங்க வருகிறவர்கள் மிகச் சிலர். பெண் கல்யாணத்துக்கு வேண்டும் என்று அடுத்த மாதமே விற்க முடியாது. இன்றைய விலை, சாலை என்ற பேச்சே இல்லாவிட்டாலும் அந்த நிலத்துக்குத் தகுமா என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். மண், கிணறு, ஊர்ச் சாலை, பக்கத்துத் தொழிற்பேட்டை இவற்றுக்காகவே அந்த விலை சரி என்றால் வாங்குங்கள். விலையில் பாதியைச் சாலைக்காக மட்டும் கொடுக்கிறீர்கள் என்றால், அந்தப் பாதியை விற்பவர் இன்றே எடுத்துக்கொண்டார், காத்திருப்பு மட்டும் உங்களுக்கு.

வாங்கிப் போட்டுவிட்டு எப்படிப் பார்த்துக்கொள்வது?

பட்டாவை உடனே மாற்றுங்கள். எல்லைக் கல் நட்டு, முள்வேலி போடுங்கள். சும்மா விட்டால் இரண்டு மழைக்குள் சீமைக் கருவேலம் மூடிவிடும், பிறகு எல்லை எது என்று உங்களுக்கே தெரியாது. ஊர்க்காரர் ஒருவரைப் பயிர் செய்யச் சொல்வது நல்லதுதான், மண்ணும் சும்மா கிடக்காது. ஆனால் தமிழ்நாட்டில் 1955 முதலே குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. உழுகிறவரை நினைத்தபோது வெளியேற்ற முடியாது, அப்படி வெளியேற்றுவது நியாயமும் இல்லை. என்ன ஏற்பாடு என்பதை இரண்டு பேருக்கும் புரியும்படி எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

விற்கும்போது வரி?

நகராட்சி எல்லையிலிருந்து நேர்க்கோட்டு தூரம் முக்கியம். மக்கள்தொகையைப் பொறுத்து 2, 6 அல்லது 8 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள, உண்மையில் பயிர் நடக்கும் விவசாய நிலத்துக்கு மூலதன ஆதாய வரி இல்லை. மற்றவற்றுக்கு, இரண்டு ஆண்டுக்கு மேல் வைத்திருந்தால் 12.5 சதவீதம். நகராட்சி எல்லைகள் விரிந்துகொண்டே போகின்றன. வாங்கும்போது வெளியே இருந்த ஊர் விற்கும்போது உள்ளே வந்திருக்கலாம். அடங்கலில் பயிர் விவரம் ஆண்டுதோறும் ஏறுகிறதா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் பார்த்துக்கொள்ளுங்கள்.

நண்பர்கள் சேர்ந்து வாங்கலாமா? ஒருவர் பெயரில் பவர் வாங்கிக்கொண்டால் போதுமா?

சேர்ந்து வாங்கலாம், எல்லோர் பெயரும் பங்கு அளவோடு கிரயப் பத்திரத்தில் இருக்க வேண்டும். ஒருவருக்காக இன்னொருவர் செயல்பட அதிகாரம் தரும் பவர் பத்திரம் உரிமையை மாற்றாது என்று 2011-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. யார் எப்போது விலகலாம், விலகினால் பங்கை எந்த விலைக்கு மற்றவர்கள் எடுப்பது என்பதையும் நட்பு நன்றாக இருக்கும்போதே எழுதிவிடுங்கள்.

அட்வான்ஸ் எவ்வளவு கொடுக்கலாம்?

பத்திரங்களை வக்கீல் பார்த்து முடிக்கும் வரை, நிலத்தை மற்றவருக்குக் காட்டாமல் நிறுத்தி வைக்கும் அளவுக்கு ஒரு சிறு தொகை போதும். வங்கி வழியாக, உரிமையாளர்கள் கணக்குக்கே கொடுங்கள், தரகர் கையில் வேண்டாம். அளவையும் வில்லங்கமும் சரியாக இருந்தால் பதிவு செய்த விற்பனை ஒப்பந்தம் போட்டு மேற்கொண்டு கொடுக்கலாம். "நாளைக்கு பெங்களூர் பார்ட்டி வர்றாங்க" என்று அவசரப்படுத்தினால், அந்தப் பார்ட்டியே வாங்கிக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுங்கள். 133 கிலோமீட்டர் நெடுக நிலம் இருக்கிறது.